பாலார் கப்பல் மூழ்கடித்த நீர்மூழ்கி

அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அந்த டின்ன மடியில வச்சிக்கிடுங்க, கீழ வச்சா ஆழ்வார்திருநகரி போறதுக்குள்ள உருண்டு டிரைவர் காலுக்குப் போயிரும். என்ன, நல்லெண்ணெயா? மூடி இருக்கும்போதே மணக்குதே. மக வீட்டுக்கா? கொண்டு போங்க, கொண்டு போங்க. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கண்ண அதுமேலயே வச்சிருங்க. நல்லெண்ணெய்னா நம்பின மனுசனே கைய வச்சிருவான். எனக்கு நடந்திருக்கு. எங்கன்னு நெனக்கீங்க? நடுக்கடல்ல. போர்க்கப்பல்ல. சண்ட நடக்கும்போது.

சிரிக்காதீங்க. எங்க ஊர்ப்பக்கம் வந்து வெயிலுமுத்துன்னு விசாரிச்சா எந்த வெயிலுமுத்துன்னு திருப்பிக் கேப்பாங்க. நீர்மூழ்கி வெயிலுமுத்துன்னு கேளுங்க, நாலு வயசுப் புள்ள கூட்டிக்கிட்டு வந்து வீட்டுல விடும். அது நான்தான். சப்பான்காரன் நீர்மூழ்கிக் கப்பல முக்கின வெயிலுமுத்து. வருசா வருசம் குடியரசு தினத்துக்கு எங்க ஊரு பள்ளிக்கூடத்துல கொடியேத்துதது ஹெட்மாஸ்டர், பேசுதது நான். புள்ளைகளுக்கு மனப்பாடம். நான் நிறுத்தினா அதுக எடுத்துக் குடுக்கும்.

இன்னைக்கும் அந்த விசயமாத்தான் பாளையங்கோட்டைக்குப் போறேன். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பதினோரு மணிக்குக் கல்யாணம். யாருக்குன்னு கேளுங்க. என் கூடப்பொறந்த தங்கச்சி லிங்கக்கனிக்கு. வயசு நாப்பத்தாறு. மாப்பிள்ளைக்கு என் வயசு. மாப்பிள்ள யாருன்னு கேளுங்க. அந்த எண்ணெத் திருடன்!

கொம்பையான்னு பேரு. பாளை மார்க்கெட்டுல சைக்கிள் கடை வச்சிருக்கான். நானும் அவனும் ஒண்ணாப் படிச்சி, ஒண்ணாத் தோத்து, ஒண்ணா நேவியில போயிச் சேந்தவங்க. அவனுக்கும் லிங்கக்கனிக்கும் அந்தக் காலத்துலயே பேசி முடிச்சது. நான்தான் பேசினேன். நான்தான் முறிச்சேன். எங்க அம்மா இருக்க மட்டும் அண்ணன் பேச்சத் தட்டமாட்டேன்னு சொன்ன புள்ள, வேற எவனையும் கெட்டிக்கவும் மாட்டேன்னுட்டா. டீச்சர் வேலைக்குப் போனா, அம்மாவப் பாத்துக்கிட்டா. போன மாசியில அம்மா தவறிட்டா. பதினாறு முடிஞ்சதும் எங்கிட்ட வந்து நின்னா. "அண்ணே, நான் கொம்பையா அத்தானக் கெட்டிக்கப் போறேன். சாட்சிக் கையெழுத்துக்கு நீ வந்தா எனக்கு சந்தோசம். ஆனா எண்ணெப் பேச்ச எடுக்காம வாரதா இருந்தா வா. இல்லன்னா பஸ் துட்டாவது மிச்சம்"னுட்டா. பாத்தீங்களா வாய!

நான் என்ன கல்நெஞ்சக்காரனா? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நாலு பேரு முன்னால அவன் "ஆமா, நான்தான் எடுத்தேன்"னு ஒரு வார்த்த சொல்லணும். சொன்னா அந்த எடத்துலயே நானே மாலைய எடுத்துக் குடுத்திருதேன். சொல்லலன்னா கையெழுத்துக் கெடையாது, அண்ணன் தங்கச்சின்னு இனிமே ஒண்ணும் கெடையாது. இதுல என்ன தப்பு? நீங்களே முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க கப்பலுக்குப் பேரு பாலார், நம்ம பாலாறுதான். தண்ணியில்லாத ஆத்தோட பேரப் போயி ஒரு கப்பலுக்கு வச்சான் வெள்ளைக்காரன். கார்வெட்டுன்னு சொல்லுவான் அந்த வகையறாவ. சின்னப் போர்க்கப்பல். பெரிய கப்பல் மாப்பிள்ளன்னா இது மாப்பிள்ளத் தோழன். கூடவே போகணும், முன்னால நிக்கப்பிடாது, கடைசிப் பந்தியில சாப்பிடணும். சரக்குக் கப்பல்க கூட்டமாப் போகும், நாங்க சுத்திச் சுத்தி வருவோம், நீர்மூழ்கி வந்தா அடிக்கணும். அதான் ஜோலி.

அந்தக் கப்பலோட பராக்கிரமத்தச் சொல்லணும்னா இந்த பஸ் மெட்ராஸ் வரைக்கும் போகணும். கெளம்பின அன்னைக்கே விசாகப்பட்டினத்துல துறைமுகச் செவத்த இடிச்சோம். செவத்துலதான் கோளாறுன்னு கேப்டன் எழுதிட்டாரு. பொறவு வைக்கோல் ஏத்தின கப்பலுக்குக் காவல் போனோம். கோவேறு கழுதை ஏத்தின கப்பலுக்குக் காவல் போனோம். மூடுபனியில கழுதக் கப்பலத் தவற விட்டுட்டு வெறுங்கடலுக்கு ரெண்டு நாள் காவல் காத்தோம். கழுதக் கப்பல் எங்களுக்கு முன்னாலயே பத்திரமாப் போயி நிக்கி! அதுக்கும் எங்களுக்குப் பாராட்டு வந்துது, கழுதைக ஒண்ணுகூடச் சாகலன்னு. ஒருநா இருட்டுல எதிரி படகுன்னு சுட்டோம். விடிஞ்சி பாத்தா வேரோட மெதந்து வந்த தென்னமரம். எட்டு ரவுண்டு சுட்டும் ஒண்ணுகூட மரத்துல படல, அத நான் பள்ளிக்கூடத்துல சொல்லுததில்ல.

என் வேல என்னன்னா, அஸ்டிக். தண்ணிக்குள்ள ஒரு சத்தத்த அனுப்புவோம். எதுலயாவது பட்டா திரும்பி வரும். அந்தத் திரும்பி வாரத காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கணும். அதுக்குக் காது வேணும் அண்ணாச்சி. கப்பல்லயே எனக்குத்தான் அந்தக் காது. கொம்பையாவுக்கு வேல கப்பலோட பின்பக்கத்துல. அங்கன சரிவா ஒரு தண்டவாளம் மாதிரி இருக்கும், அதுல பீப்பா பீப்பாயா குண்டு அடுக்கியிருக்கும். மணி அடிச்சா ஒவ்வொண்ணா உருட்டி விடணும். தண்ணிக்குள்ள ஆழமாப் போயி வெடிக்கும். உருட்டி விடுததுக்கு என்ன காது வேணும், மூள வேணும்? அதான் அவன் வேல.

இப்ப எண்ணெக்கு வாரேன். நம்ம பக்கத்துப் பையங்க எட்டு பேரு அந்தக் கப்பல்ல. வெயில்னா வெயில், கீழ எஞ்சின் சூடு, மேல இரும்புச் சூடு. ஒடம்பு கொதிச்சிப் போயிரும். சனிக்கிழமை எண்ணெ தேச்சுக் குளிக்காம எத்தன மாசம் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்க. எங்க அப்பாகிட்டச் சொல்லி மூணு டின்னு நல்லெண்ணெய் வரவழைச்சேன். செக்கெண்ணெய். அப்பா தன் கையால மூடியில ஈயம் பூசி அனுப்பியிருந்தாரு. சீயக்காய்ப் பொடி தனியா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எட்டு பேரும் தேச்சிக்கிட்டு டெக்குல உக்காந்தோம்னா, ஆஹா! அப்பிடி ஒரு நாள் உதவிக் கேப்டன், ஒரு நெட்ட வெள்ளைக்காரன், விறைப்பா நடந்து வந்தான், எண்ணெயில கால வச்சான், மல்லாந்துட்டான். எண்ணெய்க்குத் தடை. கப்பல்ல கண்டா கடல்ல கொட்டுன்னு உத்தரவு.

நாங்க விடுவமா? கப்பலுக்கு அடிக்கிற சாம்பல் பெயிண்ட மூணு டின்னுக்கும் அடிச்சேன். அடிச்சி, பின்பக்கம் அந்த குண்டு அடுக்கின தண்டவாளத்துலயே கடைசியில சொருகிக் கயிறு போட்டுக் கெட்டிட்டேன். யோசன என்னுது. வெள்ளைக்காரன் தெனமும் வந்து பாப்பான், குண்டோட சேந்து என் எண்ணெயும் நிக்கும், ஒரு வித்தியாசம் தெரியாது. கொம்பையா கூட, "லேய், குண்டுக்குப் பக்கத்துல வேண்டாம்ல"ன்னான். பயந்தாங்கொள்ளி.

அன்னைக்கும் சனிக்கிழமதான். வங்காள விரிகுடா. உதவிக் கேப்டன் தூங்கப் போயிட்டான். பையங்க ஒரு டின்னத் தொறந்து தேச்சிக்கிட்டு இருக்காங்க. நான் மட்டும் அஸ்டிக் அறையில, காதுல மாட்டிக்கிட்டு. என் முறை அடுத்தது. அப்பம் கேட்டேன் அண்ணாச்சி. டொங்! திரும்பி வருது. இன்னொரு தடவ. டொங்! கேப்டன் ஓடி வந்தாரு, கேட்டாரு, "திமிங்கலமா இருக்குமோ?"ன்னாரு. நான் சொன்னேன், "சார், இது இரும்பு." காதுன்னா அது காது! மணி அடிச்சிட்டாரு.

பையங்க எல்லாம் கோவணத்தோட, தலையில எண்ணெ வழிய, அவங்கவங்க எடத்துக்கு ஓடுதாங்க. கோவணத்தோட சண்ட போட்ட போர்க்கப்பல் இந்த உலகத்துலயே எங்க பாலார்தான். கொம்பையா பின்பக்கம் நின்னு உருட்டுதான். கையெல்லாம் எண்ணெ, ஒண்ணு உருட்டினா ரெண்டு போகுது. கேப்டன் மேல நின்னு "எல்லாத்தையும் போடு, எல்லாத்தையும் போடு"ன்னு கத்துதாரு. கடல் எந்திரிச்சி நின்னுச்சி அண்ணாச்சி. கப்பலே ரெண்டு அடி தூக்கிப் போட்டுது. ஒரு மணி நேரம். அதுக்குப் பொறவு டொங் கேக்கவே இல்ல.

நான் மேல வந்து பாக்கேன். கடல்ல கண்ணுக்கெட்டின மட்டும் எண்ணெ! மினுமினுன்னு விரிஞ்சி கெடக்கு. நீர்மூழ்கி ஒடைஞ்சா எண்ணெதான் முதல்ல மேல வரும், அதான் அத்தாட்சி. கேப்டன் தொப்பியக் கழத்தி வீசுதாரு. வெள்ளைக்காரனும் கறுப்பனும் கட்டிப் பிடிக்காங்க. வாசம் எப்பிடிங்கீங்க? அசல் நல்லெண்ணெய் வாசம்! கடல் பூரா மணக்குது. நான் அன்னைக்கே கண்டுபிடிச்சேன், சப்பான்காரனும் நம்மள மாதிரி சோறு திங்கிறவன்தானே, அவனும் சனிக்கிழமை எண்ணெ தேச்சுக் குளிப்பான் போலன்னு. பாவம், அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதானேன்னு மனசுக்குக் கஷ்டமாக்கூட இருந்துது. இத பள்ளிக்கூடத்துல சொல்லும்போது சில டீச்சருங்க கண்ணத் தொடைப்பாங்க.

கொம்பையாதான் வாளிய எறக்கி அந்த எண்ணெய அள்ளினான். அத ஒரு பிராந்திக் குப்பியில ஊத்தி, அரக்கு வச்சி, மேலிடத்துக்கு அனுப்பினாரு கேப்டன். மேலிடம் லேசுப்பட்டதா? மூணு மாசம் ஆராய்ச்சி பண்ணி, எதிரி டீசல் பஞ்சத்துல தாவர எண்ணெயில ஓடுத புது எஞ்சின் கண்டுபிடிச்சிட்டான்னு எல்லாக் கப்பலுக்கும் ரகசிய எச்சரிக்கை அனுப்பினாங்க. எங்களாலதான் அது தெரிய வந்துது. கேப்டனுக்கு மெடல். எனக்கு ஒரு படி உத்தியோக ஒசரவு, பெரிய சான்றிதழ், கண்ணாடி போட்டு நடுவீட்டுல மாட்டியிருக்கேன். எங்க அப்பா சாகும்போது கண்ணு அதத்தான் பாத்துக்கிட்டு இருந்துது.

இவ்வளவு பெரிய வெற்றி. அந்தி சாயுது. சரி, இப்பமாவது எண்ணெ தேச்சிக்கிடுவோம்னு பின்பக்கம் போறேன். டின்னக் காணோம். மூணும் காணோம்! கெட்டின கயித்தக்கூடக் காணோம்! நாட்டுக்காக ஒருத்தன் உள்ள உக்காந்து காதத் தீட்டிக்கிட்டு இருக்கான், அந்த நேரம் பாத்து எண்ணெய அடிச்சிட்டான். பின்பக்கம் அந்நேரம் யாரு நின்னா? கொம்பையா ஒருத்தன்தான். அவன் ஒடம்பப் பாத்தா தலையிலேந்து கால் வர எண்ணெ சொட்டுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

"எண்ணெ எங்கல?"ன்னு சட்டையப் பிடிச்சேன். சட்ட எங்க இருந்துது, கழுத்தப் பிடிச்சேன். அவன் என்னயவே பாத்தான். "எங்க போச்சுன்னு ஒனக்கே தெரியும்ல"ன்னான். திமிரு பாத்தீங்களா! மத்த ஆறு பேருகிட்டயும் கேட்டேன். "விடுல, போனது போகட்டும், நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கு"ங்கான் ஒருத்தன். எல்லாவனும் கூட்டு.

லீவுல ஊருக்கு வந்ததும் முத வேலையா எங்க அப்பா முன்னால கொம்பையாவக் கூட்டி நிறுத்தினேன். "கூடப் பொறந்தவனா நெனச்சேன், என் எண்ணெய திருடிட்டான், இவனுக்கா நம்ம புள்ளையக் குடுக்கது?"ன்னேன். அப்பா கேட்டாரு, "எடுத்தியா மாப்ள?"ன்னு. "எடுக்கல மாமா." "பொறவு எங்க போச்சு?" தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கான். செவத்துல என் சான்றிதழ் தொங்குது, அதப் பாக்கான், அப்பாவப் பாக்கான், கும்பிட்டான், வெளிய போயிட்டான். லிங்கக்கனி கதவுக்குப் பின்னால நின்னு அழுதா. நான் சொன்னேன், "ஒரு நீர்மூழ்கிய முக்கினவன் தங்கச்சி, திருடனுக்கு வாக்கப்படப்பிடாது"ன்னு.

என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி பாக்கீங்க? டின்னு எங்க கெட்டியிருந்தேன்னா? அதான் சொன்னேனே, குண்டு அடுக்கின தண்டவாளத்துல, கடைசியில. ஆமா, அதே பெயிண்ட்தான். குண்டு எத்தன மிச்சம் இருந்துதா? ஒண்ணும் மிச்சம் இல்ல, கேப்டன் எல்லாத்தையும் போடுன்னாருல்லா, தண்டவாளம் வழிச்சி விட்டாப்ல கெடந்துது. அதுக்கும் இதுக்கும் என்ன...

இல்ல. என்ன சொல்லுதீங்க? இல்ல அண்ணாச்சி. நீங்க கப்பல்ல இருந்தீங்களா? எண்ணெய ஆராய்ச்சி பண்ணினவன் எல்லாம் சீமையில படிச்சவன். நீங்க ஒரு டின்ன மடியில வச்சிக்கிட்டு...

நல்லெண்ணெய் வாசம்தான். நானே சொன்னேன், ஆமா. நானே எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லியிருக்கேன்.

அந்தச் சன்னலக் கொஞ்சம் தொறங்க அண்ணாச்சி.

வாளிய எறக்கி அள்ளினதே அவன்தானே. விரலால தொட்டு மோந்து பாத்தான். என்னயப் பாத்தான். சிரிச்சான்னு நெனச்சேன். அப்படியே கேப்டன் கையில குடுத்துட்டான். அப்பவே தெரிஞ்சிருக்கு அவனுக்கு. எங்க அப்பா முன்னால நிக்கும்போதும் தெரிஞ்சிருக்கு. "கடல்ல போச்சு மாமா, அதான் இவன் முக்கின நீர்மூழ்கி"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா லிங்கக்கனி அன்னைக்கே அவன் வீட்டுக்குப் போயிருப்பா. புள்ளகுட்டி பெத்து அதுகளுக்கும் இந்நேரம் கல்யாணம் ஆயிருக்கும். நான் ஊருக்குள்ள தல காட்டியிருக்க முடியாது. சொல்லாமப் போயிட்டானே, பாவி. சொல்லாமப் போயிட்டானே.

அவளுக்கும் சொல்லியிருப்பானோ? எண்ணெப் பேச்ச எடுக்காதன்னாளே. அவன் மானத்துக்காக இவ சொல்லுதான்னுல்லா நெனச்சேன். என்னயக் காப்பாத்தவா சொன்னா?

கூடப்பொறந்தவ வாழ்க்கைய மூணு டின்னு எண்ணெக்குக் கொட்டிட்டேன். இருங்க.

செய்துங்கநல்லூரா இது? வந்திட்டமா?

இல்ல, நான் யோசிச்சிப் பாத்தேன். அவசரப்படப்பிடாது. கொம்பையா எதுக்கு வாய மூடினான்? நீர்மூழ்கி முங்கினது முங்கினதாவே இருக்கட்டும்னுதானே? அதுக்காக ஒரு மனுசன் தன் கல்யாணத்தையே விட்டுக் குடுத்திருக்கான். எட்டு பேரு மானம், கேப்டன் மானம், கப்பல் மானம். இப்ப நான் போயி முங்கலன்னு சொன்னா, அவன் இத்தன காலம் பட்டதுக்கு என்ன மரியாத? எல்லாம் வீணாப் போயிராதா? அவன் தியாகத்த நான் மதிக்கணும்லா. பள்ளிக்கூடத்துப் புள்ளைக வேற இருக்கு. அதுக மனசு ஒடைஞ்சி போகும்.

கையெழுத்தா? போடாம? ரெண்டு கையாலயும் போடுதேன். என் தங்கச்சிக்கு நான் போடாம யாரு போடுவா? கொம்பையா மாதிரி ஒரு மாப்பிள்ள தேடினாலும் கெடைப்பானா?

ஆனா சும்மா போயிக் கையெழுத்துப் போட்டா நாலு பேரு என்ன நெனப்பான்? இத்தன வருசம் எண்ணெ எண்ணெங்கானே, இன்னைக்கு என்ன திடீர்னுன்னு கேக்க மாட்டானா? கேட்டா எங்க போயி நிக்கும்? கடல்ல போயி நிக்கும். அதுக்கும் வழி வச்சிருக்கேன்.

பாளை வந்திட்டு, எந்திரிக்கேன். கேளுங்க, எல்லாரும் கூடி நிக்கும்போது நேராப் போயி கொம்பையா தோள்ல கையப் போடுவேன். ஆபீஸ் முழுக்கக் கேக்குத மாதிரி சொல்லுவேன்: "மாப்ள, எண்ணெய எடுத்ததுக்கு ஒன்ன நான் மன்னிச்சிட்டேன்!"

எடுக்கலையா? அது எனக்குத் தெரியாதா? உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், லிங்கக்கனிக்கும் தெரியும்னே வச்சிக்கிடுவோம். ஆபீஸ்ல நிக்கிறவனுக்குத் தெரியாதுல்லா. நீங்க பயப்படாதீங்க, கொம்பையா ஒண்ணும் சொல்ல மாட்டான். தங்கமான மனுசன். அப்பா முன்னாலயே சொல்லாதவன், கழுத்துல மாலையோட நிக்கும்போதா சொல்லப்போறான்?